நிறுத்தம் சொல்லும் குரல்

முப்பது வருஷம் வானொலியில் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவரைத் தெருவே ‘செய்தி சார்’ என்றுதான் அழைத்தது. அவர் ழகரத்தை உச்சரித்தால் பக்கத்தில் நிற்பவரின் நாக்கும் தானாக மடியும். மனுஷன் தும்மினால்கூட எழுத்து விடாமல் தும்முகிறார் என்று மச்சினன் ஒருமுறை சொன்னான். செய்தி சார் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

பேருந்து நிறுவனம் நிறுத்தங்களின் பெயர் சொல்ல ஒரு குரலைத் தேடுகிறது என்று கேள்விப்பட்டதும், அது தனக்காகவே காத்திருந்த வேலை என்று முடிவுகட்டிவிட்டார். விண்ணப்பிக்கும் முன்பே சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்லியாயிற்று. இனி அது கிடைக்காமல் போனால் மச்சினன் முகத்தில் விழிக்க முடியாது.

மேலாளர் ஒரு நிபந்தனை வைத்தார். முதலில் ஓடுகிற வண்டியில் ஒலிவாங்கியைப் பிடித்துச் சொல்லிக் காட்ட வேண்டும். ஜனங்கள் சரியான இடத்தில் இறங்கினால், பதிவுக்குப் போகலாம்.

அந்தத் தடத்தின் கண்டக்டர் சொல்வதைச் செய்தி சார் ஏற்கெனவே கேட்டு நொந்திருந்தார். ‘பழைய ஆஸ்பத்திரி’யில் ‘ஸ்பத்ரி’ மட்டும்தான் வாயை விட்டு வெளியே வரும். மிச்சத்தை ஆள் விழுங்கிவிடுவார். இது பேச்சா, கொட்டாவியா என்று மேலாளரிடமே கேட்டார். கண்டக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. “சாரே சொல்லட்டும், நம்ம தொண்டைக்கும் ஒரு நாள் லீவு” என்று பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வெள்ளோட்டத்தன்று செய்தி சார் இஸ்திரி மடிப்புக் கலையாமல் ஏறினார். கூடவே மனைவியும் வந்தார். கணவரின் பெருமையைப் பார்க்க அல்ல. பழைய ஆஸ்பத்திரியில் அந்த அம்மாளுக்குக் கண் பரிசோதனை இருந்தது.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. அடுத்து வரவிருக்கும் நிறுத்தம், தண்ணீர்த் தொட்டி.”

ஓர் எழுத்துக்கூடச் சேதாரமில்லை. ஒருவர்கூட எழுந்திருக்கவுமில்லை. ஜன்னலோரத்துக்காரர் காதில் ஹெட்போனைச் செருகினார். இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்தாமல் குரலை மட்டும் உயர்த்திக்கொண்டார்கள். வண்டி நின்று, கிளம்பியும் விட்ட பிறகு நாலைந்து பேர் அலறியடித்து எழுந்து கண்டக்டரைப் பிடித்துக்கொண்டார்கள். நிறுத்தம் வந்தால் வாயைத் திறக்க மாட்டீரா என்று கேட்டார்கள். அவர் முன்பக்கம் கையைக் காட்டினார்.

“அது ஏதோ பாத்திரக் கடை வெளம்பரம்னுல்ல நெனச்சேன்” என்றார் ஓர் அம்மாள்.

செய்தி சார் அசரவில்லை. அடுத்த நிறுத்தத்தை இன்னும் நிதானமாக, இன்னும் துலக்கமாகச் சொன்னார். இன்னும் அதிகம் பேர் கோட்டைவிட்டார்கள். அவ்வளவு சுத்தமாகப் பேசும் குரல் ஒன்று எதையாவது விற்கும், இல்லை எதையாவது எச்சரிக்கும். எப்படியானாலும் நம்மிடம் பேசவில்லை என்பது ஜனங்களின் தீர்ப்பு. முன்சீட்டில் இருந்த மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

பழைய ஆஸ்பத்திரி வந்தது. அறிவிப்பு கணீரென்று முடிந்தது. மனைவி ஜன்னல் வழியே தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் அந்தக் குரலை ரேடியோவில் ஓடவிட்டு வீட்டு வேலை பார்த்தவர். அதைக் கேட்டாலே அவர் காது தானாக மூடிக்கொள்ளும். டாக்டரிடம் நேரம் வாங்கவே இரண்டு மாதம் ஆகியிருந்தது. டிரைவர் கிளம்பத் தயாரானார். செய்தி சார் கையில் ஒலிவாங்கி இருப்பதையே மறந்தார்.

“ந்தா, ஸ்பத்ரி வந்த்ச்சு, றங்கு றங்கு.”

மனைவி எழுந்தார். அவரோடு பாதி வண்டி எழுந்தது, ஹெட்போன்காரர் உட்பட. படியில் நெரிசலே வந்துவிட்டது.

மேலாளர் திரும்பிப் பார்த்தார். “சார், இதையே பதிவு பண்ணிடலாம்.”

ஆனால் பதிவுக் கூடத்தில் அந்தக் குரல் வர மறுத்தது. ‘றங்கு’ என்று சொல்லப் போனால், விட்டுப்போன எழுத்து வரிசையில் முன்னால் வந்து நின்றுகொண்டது. சரி, கண்டக்டரையே சொல்லச் சொல்லலாம் என்று அவரைக் கூட்டி வந்தார்கள். பதிவு தொடங்கும் சிவப்பு விளக்கு எரிந்ததும் அந்த மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “மதிப்பிற்குரிய பயணிகளே” என்று தொடங்கினார். செய்தி சாருக்கு அவர்மேல் முதன்முறையாகப் பாசம் பிறந்தது.

வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று மேலாளர் முணுமுணுத்தார். மச்சினன் கண்முன் வந்து பல்லைக் காட்டினான். செய்தி சார் வீட்டுக்குப் போன் செய்து மனைவியை வரவழைத்து, ஒலிவாங்கிக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி போட்டார்.

“நான் என்னங்க பண்ணணும்?”

“ஒண்ணும் பண்ண வேணாம். பஸ்ல ஒக்கார்ற மாதிரி ஒக்காரு.”

அவர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பராக்குப் பார்க்கத் தொடங்கினார். அதைக் கண்டதும் செய்தி சாருக்கு நிஜமாகவே பதறியது. இவளை இப்படியே விட்டால் கடைசி நிறுத்தம்வரை போய்விடுவாள். தடம் முழுவதையும் அரையும் குறையுமாக, அவளிடமே கடகடவென்று சொல்லி முடித்தார். கண்ணாடிக்கு அப்பால் மேலாளர் கட்டைவிரலை உயர்த்தினார்.

அன்று மாலையே மச்சினனுக்குப் போன் போனது. அன்றாடப் பேச்சில் எந்த எழுத்தை எவ்விடத்தில் விழுங்குவது என்பது அரிய கலை, அது எல்லோருக்கும் கைவராது என்று செய்தி சார் முழு உச்சரிப்பில், நிறுத்தி நிதானமாக விளக்கினார். மச்சினன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான்.

“மாமா, போனை அக்காகிட்ட குடுங்க. நீங்க என்ன சொல்றீங்கன்னு அவ சொல்லட்டும்.”

கொடுத்தார்.

“வேல கெடச்ச்சுடா” என்றார் மனைவி.