நார் எடுத்த மூளை

1

இந்தக் கதை எனக்கு வானத்திலிருந்து வந்து விழவில்லை. அக்கா வைத்த வேலை. "கதை கதைன்னு உக்காந்திருக்கியே, ஒருதடவையாவது வீட்டுக்கு உதவுற மாதிரி எழுது" என்றாள். படித்து முடித்ததும் அவள் கணவர் முந்நூறு எட்டு வைத்துப் பின்னால் போக வேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

மாமா கல் குவாரியில் வெடி வைப்பவர். வெடிக்கும்போது ஒதுங்க இரண்டு இரும்புக் கூண்டுகள் உண்டு. நூறு எட்டில் ஒன்று, நானூறு எட்டில் ஒன்று. கல் எதற்குள்ளும் வராது. ஆனால் காற்றில் வருகிற அடி கிட்டக் கூண்டுக்குள் புகுந்து மண்டையைக் குலுக்கிவிட்டுப் போகும். ஒரு மாதமாக மாமா கிட்டக் கூண்டில்தான் நிற்கிறார். சாயங்காலம் தலையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்.

2

முதல் தொடக்கம்: மனித மூளை என்பது ஒரு விசித்திரமான

(அடித்துவிட்டேன். எங்கள் வீட்டில் இப்படிப் பேசினால் சோறு கிடைக்காது.)

இரண்டாம் தொடக்கம்: ஆய்வுக்கூடம் ஒன்றில் ஓர் உதவியாளர் இருந்தார்.

(அக்காதான். தான் என்று தெரியக் கூடாது என்பது கட்டளை.)

அங்கே கூழ் காய்ச்சி, மண்டையோட்டு அச்சில் ஊற்றி, பொய் மூளை செய்வார்கள். பக்கத்தில் சின்னதாக ஒரு வெடி வெடித்து, கூழ் எப்படி ஆடுகிறது என்று படம் பிடிப்பார்கள். ஒருநாள் ஆய்வாளரம்மா அச்சுக்குள் நூல் நூலாக மெல்லிய குழாய்களைக் கட்டி வைத்துவிட்டு, ஊற்றச் சொல்லிப் போனார். அவை ரத்தக் குழாய்கள். உதவியாளர் கண்ணுக்குக் குப்பை. இடுக்கியால் ஒன்று விடாமல் பிடுங்கி, அச்சை அலம்பித் துடைத்து, ஊற்றினார்.

வெடித்தார்கள். கூழ் ஆடியது, அடங்கியது. ஒரு கீறல் இல்லை.

தாளில் எழுதாதது: அன்று மாலையே அக்கா மாமாவிடம் சொன்னாள்: "கண்ணால பாத்தேன். மூளைக்கு ஒன்னும் ஆகாது. எதுக்கு வெயில்ல நானூறு எட்டு நடக்கிறீங்க?"

மறுவாரம் குட்டு வெளிப்பட்டது. ஆய்வாளரம்மா திட்டவில்லை, சிரித்தார். அது இன்னும் மோசம். இந்தமுறை குழாய்களோடு ஊற்றினார்கள். கூழ் மெத்தென்று இருப்பது, குழாய் விறைப்பானது. இரண்டும் ஒன்றுபோல் ஆடுமா? சில இடங்களில் குழாய்கள் கூழைத் தாங்கிப் பிடித்திருந்தன. சில இடங்களில் குழாயை ஒட்டியே கூழ் கிழிந்திருந்தது.

3

நேரே சொல்லிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள்.*

* அக்காவுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். "தப்பா சொல்லிட்டேன்" என்று அவள் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. கதையில் சொல்லவைத்தால் பாத்திரம் நம்பும்படி இருக்காது.

4

முடிவு ஒன்று: மாமா கூண்டுக்குள்ளேயே மயங்கி

(அக்கா கிழித்துவிட்டாள்.)

முடிவு இரண்டு: குவாரி முதலாளி மனம் இளகி, கிட்டக் கூண்டை

(நானே கிழித்தேன். முதலாளிகளை எனக்குத் தெரியும்.)

மூன்றாவதை யோசிக்கும்போதே மாமா வந்து மிச்சத் தாள்களை எடுத்து, வரிவரியாக விரல் ஓட்டிப் படித்தார். 'ஓர் உதவியாளர்' என்ற இடத்தில் விரல் நின்றது.

"பீன்ஸ்ல நார் எடுக்கிற மாதிரி எடுத்திருக்கா. யாருன்னு எனக்கா தெரியாது?"

அப்படியானால் பின்னால் போய்விடுங்கள் என்றேன்.

"அவ பேச்ச நம்பித்தான் முன்னால வந்தேன். அவ வாயால சொல்லட்டும், போறேன். உன் கதைக்கெல்லாம் நகர முடியாது."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

5

இன்று பதினோரு மணிக்கு வெடி. மாமா வாசலில் செருப்பு மாட்டுகிறார், வழக்கத்தைவிட மெதுவாக. அக்கா என் பேனாவைப் பறித்து 'ஓர் உதவியாளர்' என்பதை அடித்துவிட்டாள். இப்போது வாசலைப் பார்த்தபடி வாயைத் திறந்திருக்கிறாள்.

இதற்குமேல் நான் எழுதினால் பொய்யாகிவிடும். இடம் விட்டிருக்கிறேன்.

அக்கா சொன்னாள்: ".............................."

நீங்களே நிரப்புங்கள். அலங்காரம் வேண்டாம். கொஞ்சம் சத்தமாக மட்டும் எழுதுங்கள். மாமாவுக்கு ஒரு மாதமாகக் காது மந்தம்.