சப்பர வேனுக்கு இரண்டு பாயிண்ட்

"நீ கேட்ட சிவப்புதான் மேரி. பிரிச்சுப் பாரு."

"நல்லா இருக்குதுங்க. ரொம்ப நல்லா இருக்குது."

கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு மரியசெல்வம் திண்டிவனத்தில் எடுத்து வந்த புடவையைப் பற்றி அவர்கள் பேசியது அவ்வளவுதான். மறுநாள் கோயில் வாசலில் மச்சினி, "பச்சை அக்காவுக்கு எடுப்பா இருக்குது மாமா" என்றாள். லூர்துமேரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒன்பது வருடங்களாக அந்தப் புடவையைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

மரியசெல்வத்தின் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். காய்ந்த புல்லின் நிறம். அப்படிப்பட்டவன் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை போட்டு வண்டிகளுக்கு வயரிங் செய்கிறான் என்று தெரிந்தால் ஊரே சிரிக்கும். விளக்குக்கு எந்த வயர் எதில் போனாலும் வெளிச்சம் வந்துவிடும். மற்ற வேலைக்கு, முதலில் சோதித்துப் பார்த்து பிளஸ் வயரின் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்வான். அதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்து, "செல்வத்தோட முடிச்சு ராசியான முடிச்சுய்யா" என்று டிரைவர்கள் மெச்சிக்கொண்டார்கள். மதியச் சாப்பாட்டோடு லூர்துமேரி கடைக்கு வரும்போதெல்லாம், அவளிடம் கேட்க வேண்டிய ஒரு வார்த்தை அவன் நாக்கு வரை வந்து திரும்பிப் போகும்.

மாதா திருவிழாவில் ராசி கவிழ்ந்தது. சப்பரம் கட்டிய பங்குச் சாமியாரின் வேன் யுத்தகாலத்து வண்டி. சப்பரத்துக்குக் கரண்ட் எடுக்க அதில் வழியே கிடையாது. மரியசெல்வம் பேட்டரியிலிருந்து பியூஸ் வைத்து வயர் இழுத்து, பின்பக்கம் இரண்டு பிளக் பாயிண்ட் வைத்தான். சீரியல் விளக்குக்கு ஒன்று, பஷீர் அகமதுவின் மைக் செட்டுக்கு ஒன்று. பஷீர் மெட்ராஸிலிருந்து புதிதாக வாங்கி வந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் அது. சிவப்பும் பச்சையுமான அதன் வயர்களில் முடிச்சு இல்லை. சப்பரம் கிளம்பும் அவசரத்தில் அவன் அவற்றைப் பிளக்கில் முடுக்கியபோது, மெழுகுவத்திக் கூடையோடு நின்ற லூர்துமேரி குனிந்து, "சிவப்பு அந்தப் பக்கமாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நீ போய் ஜெபமாலை சொல்லு. வயரை நான் பாத்துக்குறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் முகம் சிறுத்துப் போனது.

சீரியல் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. மைக் செட்டில் மட்டும் 'டப்' என்றொரு சத்தம். பிறகு கருகல் நாற்றம். பாட்டே இல்லாமல் சப்பரம் கடைத்தெருவைச் சுற்றி வந்தது.

"செட்டுதான் மட்டம் சாமி. என் பாயிண்ட்ல விளக்கு எரியுது பாருங்க" என்றான் மரியசெல்வம்.

பஷீர் மறுத்துப் பேசவில்லை. "மெட்ராஸ்காரன் ஏமாத்திட்டான் போல. மன்னிச்சுக்குங்க சாமி" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் லூர்துமேரி ஏதாவது கேட்பாள் என்று பார்த்தான். கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவள் சோறு போட்டு, குழம்பை அவன் பக்கம் நகர்த்தினாள்.

பத்து நாள் கழித்து, பஷீர் ஆம்ப்ளிஃபையரைத் தோளில் சுமந்துகொண்டு கடைக்கு வந்தான். சாமியாரின் வேனும் வாசலில் நின்றது.

"விழுப்புரத்துல சரி பண்ணிட்டேன் அண்ணே. இன்னிக்கு அனந்தபுரத்துல கொடியேத்தம், இதே வேன்ல போறோம். இந்த வாட்டியும் ஊமையாச்சுன்னா எவனும் என்னை மைக்குக்குக் கூப்பிட மாட்டான். உன் கையாலயே மாட்டிக் குடு."

"நீயே மாட்டிக்க பாய்."

"ராசி உன் கையிலதான இருக்குது? ரிப்பேர்காரரு எனக்குப் பாடம் நடத்துறாரு அண்ணே. சிவப்பு பிளஸ்ல போவணுமாம், மாறுனா கருகிடுமாம். எங்க அண்ணனுக்கே சொல்லித் தர்றீங்களான்னு கேட்டுட்டு வந்தேன். இரு, டீ சொல்லிட்டு வரேன்."

மரியசெல்வம் வேனுக்குப் பின்னால் குந்தினான். உள்ளங்கையில் இரண்டு வயர்கள். இரண்டும் காய்ந்த புல். பஷீர் ஒரு சொல்லாவது கோபமாகச் சொல்லியிருக்கக் கூடாதா என்றிருந்தது. பின்னால் தூக்குவாளி வைக்கும் சத்தம் கேட்டது. அவன் தலை நிமிரவில்லை.

"மேரி, அந்தப் புடவை பச்சைன்னு எனக்குத் தெரியாது."

அவள் பக்கத்தில் வந்து குந்தினாள். "தெரியுங்க" என்றாள்.

"செட்டைக் கருக்குனது நான்தான். பாய்கிட்டயும் சாமியார்கிட்டயும் இன்னிக்கே சொல்லிடுவேன்."

அவன் உள்ளங்கையை அவள் முன்னால் விரித்தான்.

"இதுல எது சிவப்பு? நீ பாத்துச் சொல்லு மேரி."