அப்படி ஒரு பையன் இங்கே இல்லை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தங்கை அந்தோனியம்மா ஒரு பொய் சொன்னாள். அதிலிருந்து வந்தது. அவளுடைய ஒரே மகன் ஜூட், விமானப்படையில் அதிகாரியாவதற்குப் பயிற்சி எடுக்கிறான். அவன் கொடுத்த விலாசம் சரிதானா என்று விசாரிக்கப் படையிலிருந்து இரண்டு பேர் எங்கள் தோட்டத்து லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, வந்தார்கள். அப்படி ஒரு பையன் இங்கே இல்லை என்று சொல்லி அவள் அனுப்பிவிட்டாள்.

பெற்றவளே.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற ரோலர் ஓட்டியவன். படை சம்பந்தப்பட்ட கதை என்றால் வானத்தில்தான் தொடங்க வேண்டும் என்று நினைத்து இப்படி எழுதினேன்:

"வட்டவளை மலைக்கு மேலே, நீல வானத்தில், வெள்ளிப் பறவை போல ஒரு விமானம்—"

விட்டுவிட்டேன். வட்டவளையில் வானம் எப்போது நீலமாக இருந்தது? மழை விட்டால் மூட்டம், மூட்டம் விட்டால் மழை. பிறகு இப்படி:

"ஏழைத் தாயின் மகன் ஒருவன், தன் விடாமுயற்சியால்—"

இது பேப்பர்காரன் எழுதுவது. எழுதியும் விட்டான், 'மலையகத்தின் பெருமை' என்று தலைப்புப் போட்டு. படம் மட்டும் வேறு யாரோ ஒரு பையனுடையது.

2

அதிகாரிகளை எப்படிச் செய்கிறார்கள் என்று நான் நேரில் பார்த்ததில்லை. முதல் லீவில் வந்தபோது ஜூட் சொன்னதுதான். அதில் பாதியை நான் நம்பவில்லை. நீங்களும் யோசித்து நம்புங்கள்.

வந்தவன் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். அந்தோனியம்மா ரொட்டியும் சம்பலும் வைத்தாள். அவன் தட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு தின்றான்.

"ஏன்டா, செவுத்துல என்ன சினிமாவா ஓடுது?" என்றேன்.

"பழகிருச்சு மாமா. குனியக் கூடாது. நேராப் பார்த்துத்தான் சாப்பிடணும்."

"சம்பல் எங்க இருக்குன்னு கை கண்டுபிடிச்சுருமா?"

"கண்டுபிடிக்கும். ஆனா அங்க கையால சாப்பிட விடமாட்டாங்க. கத்தி, முள்ளுக்கரண்டி. கோழிக்கால எலும்புல இருந்து சத்தம் வராமப் பிரிச்செடுக்கணும்."

"அப்ப எலும்பக் கடிக்கிறது யாரு?"

"யாரும் கடிக்கிறதில்ல மாமா."

(எலும்பைக் கடிக்காதவர்கள் எப்படி யுத்தம் செய்தார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். தங்கச்சி முறைத்தாள்.)

போன முதல் நாளே முடியை வழித்துவிட்டார்களாம். பெயரையும் எடுத்துவிட்டு நம்பர் கொடுத்தார்களாம். முதல் சில மாதங்களுக்கு நடக்கக் கூடாது. சாப்பிடக் குசினிக்கு ஓட்டம், வகுப்புக்கு ஓட்டம், பூசைக்கும் ஓட்டம். கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் மெத்தை ஜன்னல் வழியாக வெளியே போகும். கடலையே பார்த்திராத பையனை உயரமான பலகையில் ஏற்றி, தண்ணீருக்குள் குதி என்றார்களாம். குதித்தான். நீந்தத் தெரியாது என்பதைக் குதித்த பிறகு சொன்னான்.

"முன்னாடி சொன்னா என்னடா?"

"முன்னாடி சொன்னா அது பயம் மாமா. பின்னாடி சொன்னா தகவல்."

இரண்டு விஷயத்தை மட்டும் அவன் சிரிக்காமல் சொன்னான். ஒன்று, ஒருத்தன் தப்புச் செய்தால் மற்றவர்கள் எல்லோரும் மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தப்புச் செய்தவன் நிழலில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும். இந்த வித்தை எங்கள் தோட்டத்துத் துரைமாருக்குத் தெரியாமல் போனது நாங்கள் செய்த புண்ணியம்.

மற்றது, பொய். கிழிந்த சட்டையோடு வரலாம், மயங்கி விழலாம், வாந்தி எடுக்கலாம். பொய் சொன்னால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அடுத்தவன் தேய்த்த சப்பாத்தைத் தான் தேய்த்ததாகச் சொன்ன ஒரு பையன் அன்றைக்கே வீட்டுக்குப் போனானாம்.

3

இனி அந்தோனியம்மா. இவளைக் கதைக்குள் கொண்டுவருவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் இவளை முட்டாள் என்று நினைப்பீர்கள். [பாவப்பட்ட அப்பாவித் தாய் என்று எழுதி அடித்துவிட்டேன். அப்பாவி இல்லை. கொழுந்து நிறுக்கிற தராசில் ஒரு கிலோ குறைத்துப் போட்டால் கணக்கப்பிள்ளையின் மூக்குக்கு நேரே விரலை நீட்டுகிறவள்.]

எங்களுக்கு ஒரு தம்பி இருந்தான். ஜெரோமி. யுத்த காலத்தில் இரண்டு பேர் வந்தார்கள், சிவில் உடுப்பு, மரியாதையான பேச்சு. கொழும்பில் அவன் வேலைக்கு மனுப் போட்டிருந்ததாகவும், அது சம்பந்தமாகப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்தோனியம்மா அப்போது குமரி. சந்தோஷத்தில், "உள்ளதான் இருக்கான்" என்று சொல்லி அவளே எழுப்பிவிட்டாள். சட்டை மாற்றிக்கொண்டு போனவன்—

இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. முடிக்கிற அளவுக்கு எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் லயத்தில் ஒரு பழக்கம். சப்பாத்துப் போட்டவன் வந்து சிங்களத்தில் ஒரு பெயரைக் கேட்டால், தெரியாது. பிள்ளைகளுக்குக்கூட யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஜூட்டைக் கேட்டு வந்த அன்றும் அதுதான் நடந்தது. பக்கத்துக் காம்பரா வினோஜன், ஜூட்டோடு கிரிக்கெட் விளையாடி வளர்ந்தவன், அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை என்றான். அவர்கள் கடைசியாகத் தட்டியது அந்தோனியம்மாவின் கதவை.

நான் ஹட்டனில் மருந்து எடுக்கப் போயிருந்தேன். வந்து கேட்டதும் கத்தினேன்.

"அவனுக்கு வேல கொடுக்கத்தானடி வந்தாங்க? இந்தக் காலத்துல யாரு பிடிச்சுட்டுப் போறா?"

"அப்பவும் வேலன்னுதான்ணே சொன்னாங்க."

4

பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. கிராம சேவகர் கடிதமும் இருக்கிறது. அகாடமியின் பெரியவர் அவற்றை மேசையில் வைத்துக்கொண்டுதான் ஜூட்டைக் கூப்பிட்டாராம். காகிதம் சரி, ஆனால் அந்த விலாசத்தில் உன்னை ஒருவருக்கும் தெரியவில்லை, உன் அம்மாவுக்கே தெரியவில்லை. நீ பொய் சொல்கிறாயா, உன் அம்மா பொய் சொன்னாளா?

பொய் சொன்னவன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிக் கொடுத்த இடத்தில் இந்தக் கேள்வி. அம்மாதான் என்று சொன்னால், தான் நிழலில் உட்கார்ந்து அவளை ஓடவிட்ட மாதிரி. நான்தான் என்றால் பெட்டி.

ஜூட் வாயைத் திறக்கவில்லை. பதில் சொல்லாததற்குத் துப்பாக்கியைத் தலைக்கு மேல் பிடித்து மைதானத்தைச் சுற்ற வைத்தார்கள். பிறகு பெரியவர் இறங்கி வந்து, இன்னொரு முறை ஆள் அனுப்புகிறேன், அதுதான் கடைசி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினான். அந்தோனியம்மா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"அம்மா, இந்தத் தடவ மகன்னு சொல்லிருங்க. அவ்வளவுதான்."

"என்னைக்கு வருவாங்க?"

"சொல்ல மாட்டாங்கம்மா. சொல்லிட்டு வந்தா அது விசாரணை இல்லையாம்."

"அப்ப வர்றது அவங்கதான்னு எனக்கு எப்படிடா தெரியும்?"

அவனுக்கு விமானம் ஓட்டக் கற்றுக் கொடுக்கிறார்கள், காற்றைப் பற்றி ஒரு புத்தகமே படிக்க வைக்கிறார்கள். இதற்குப் பதில் கற்றுக் கொடுக்கவில்லை.

5

மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் அவள் ஆம் என்கிறாள். ஜூட் தேறுகிறான். பயிற்சி முடிகிற அணிவகுப்பில் பெற்றோர்தான் தோளில் பட்டியைக் குத்த வேண்டுமாம். கொழுந்து பறித்துக் கறுத்த விரலால் அவள் குத்துகிறாள், பாண்ட் வாசிக்கிறார்கள், நான் அழுகிறேன். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. எனக்கு நன்றாக இருக்கிற எதையும் நான் நம்புவதில்லை.

இரண்டாவதில் அவள் மறுபடியும் இல்லை என்கிறாள். ஜூட் பெட்டியோடு வருகிறான். அதே சுவரைப் பார்த்துக்கொண்டு தின்கிறான். அவனிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. [நான்கு வரிக்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.]

மூன்றாவதில் அவள் ஆம் என்கிறாள், அவன் அதிகாரியாகிறான். சில வருஷம் கழித்து நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு லயத்துக்குப் போய், நல்ல சிங்களத்தில், மரியாதையாக, ஒரு தாயிடம் ஒரு பெயரைக் கேட்கிறான்.

இதைக் கிழித்துவிட்டேன். அந்தோனியம்மா எடுத்து யாரையாவது வாசிக்கச் சொன்னால்?

6

இன்று அவள் கொழுந்து மலையிலிருந்து இறங்கி, இடுப்பில் சுற்றிய படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. வாசலில் இரண்டு பேர். சிவில் உடுப்பு. வெளுத்த சட்டை, நல்ல சப்பாத்து. ஜூட் உங்கள் மகனா என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

அடையாள அட்டையைக் காட்டுங்கள் என்று நான் குறுக்கே போனேன். முகம் சுளிக்காமல் காட்டினார். ஜெரோமியைக் கேட்டு வந்தவர்களும் காட்டினார்கள்.

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. நீங்கள் படித்தவர்கள், பேப்பர் பார்க்கிறவர்கள், நாடு மாறிவிட்டது என்று எங்களுக்குச் சொல்கிறவர்கள். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இந்த இரண்டு பேரும் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தால் அவள் காதில் போய்ச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளையின் தலையில் கைவைத்துச் சொல்லுங்கள். அதன் பிறகு அவள் வாயைத் திறப்பாள்.