ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம்

கற்பனை என்றா எழுதியிருக்கிறார்? இல்லை, அவசரத்தில் தப்பாகப் படித்திருப்பேன். மறுபடி படி. நிதானமாக, மெய்ப்புப் பார்க்கிறவளைப் போலப் படி. மனைவியைப் போலப் படிக்காதே. மனைவியாக இருந்ததெல்லாம் முடிந்து ஐந்து வருஷம் ஆகிறது.

மறுபடியும் படித்தாள். நூற்றுப் பதினெட்டாம் பக்கம், மேலிருந்து மூன்றாவது பத்தி. அந்தச் சொல் அங்கேயேதான் இருந்தது. கற்பனை. பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிட்டு, எதற்கு வைத்தோம் என்று தெரியாமல் அதை அழித்தாள்.

பதிப்பகத்தின் பின்னறையில் அவளுக்கு இரண்டு வேலைகள். மெய்ப்புத் திருத்துவது ஒன்று. புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவைத் தயாரிப்பது இன்னொன்று. இரண்டாவதைக் கணினியே செய்துவிடுமே என்று பலர் கேட்டிருக்கிறார்கள். செய்யும். ‘இழப்பு’ என்று கேட்டால் ஒரு நொடியில் நாற்பத்தோரு பக்க எண்களைக் கொட்டிவிடும். அந்த நாற்பத்தொன்றில் எந்தப் பக்கத்தில் உண்மையாகவே யாரோ எதையோ இழக்கிறார்கள், எதில் ‘நேர இழப்பு’ என்று வெறுமனே வந்துபோகிறது என்று பிரிப்பதற்குத்தான் அவள்.

இந்தப் புத்தகம் கணினிகள் நம்மைப் பற்றிச் சேர்த்துவைக்கும் பதிவுகளையும், அந்தப் பதிவுகளில் வராமலே போகிற மனிதர்களையும் பற்றியது. எழுதியவர் அவளுடைய பழைய கணவர். “உங்களுக்குச் சங்கடம்னா வெளியில குடுத்துடறேன்மா” என்று பதிப்பாளர் கேட்டபோது, “எனக்கென்ன சங்கடம், எல்லாம் எழுத்துதானே” என்று வாங்கிக்கொண்டாள். நூற்றுப் பதினேழு பக்கங்கள் வரை அது உண்மையாகவும் இருந்தது.

“அக்கா, எங்க இருக்கீங்க? மூணாவது அத்தியாயம் முடிஞ்சுதா?” எதிர் மேசையிலிருந்து பக்க வடிவமைப்பாளர் கேட்டாள். சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, யாருடைய பழைய கதையும் அவளுக்குத் தெரியாது.

“முடியப்போகுது.”

“இந்த மனுஷன் ஒரு வாக்கியத்தை ஆரம்பிச்சா, நான் போய் டீ குடிச்சுட்டு வந்தாலும் முடிக்க மாட்டேங்கறார். வீட்ல பேசும்போதும் இப்படித்தான் இழுப்பாரோ என்னவோ. கட்டிக்கிட்டவ பாவம்.”

“வீட்ல பேசவே மாட்டார்” என்றாள் அவள்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எழுத்தைப் பார்த்தாலே தெரியுதே.”

வடிவமைப்பாளர் சிரித்துவிட்டுத் திரைக்குள் போய்விட்டாள். அவள் மூன்றாவது முறையாக அந்தப் பத்தியைப் படித்தாள்.

‘எனக்கு ஒரு வாசிப்புத் துணை இருந்தாள். ஒரே புத்தகத்தை ஒருவர் பின் ஒருவராகப் படித்து, ஓரங்களில் விவாதித்துக்கொள்வோம். ஒருமுறை அவள் ஒரு கற்பனை உதாரணம் எழுதினாள். ஒரு பெண். கணவன் ஊரில் இல்லை. வயிற்றில் எட்டு வாரக் கரு. நேரில் சொல்லலாம் என்று அவனுக்காகக் காத்திருக்கிறாள். அவன் வருவதற்குள் அது கலைந்துவிடுகிறது. அது இருந்ததும் அவனுக்குத் தெரியாது, போனதும் தெரியாது. அப்படியென்றால் அந்தக் குழந்தை எங்கே இருந்தது? இவ்வளவு கூர்மையான கற்பனையை எந்தத் தத்துவ நூலிலும் நான் கண்டதில்லை. அன்று அதை நாடகம் என்று ஒதுக்கினேன். அந்தப் பதிலுக்காக இன்று வெட்கப்படுகிறேன்.’

அது அவர்கள் இரண்டு பேரும் வகுத்துக்கொண்ட முறை. மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்த அவர் மாதம் இரண்டு புத்தகம் வாங்குவார். மனம் என்றால் என்ன, இயந்திரம் யோசிக்குமா, எண்களால் ஒரு சமூகத்தை ஆள முடியுமா என்று கேட்கிற புத்தகங்கள். அவர் முதலில் படித்து இடது ஓரத்தில் எழுதுவார். பிறகு அவள் படித்து வலது ஓரத்தில் பதில் எழுதுவாள். மறுபடி அவர். இரண்டு பேரும் முடிக்கும்வரை புத்தகத்தைப் பற்றி வாயால் பேசக் கூடாது. ஓரங்களில் ஒரு வழக்கம் தானாக உருவாகியிருந்தது. எதைச் சொல்வதானாலும் ஓர் ஆளைப் படைத்து அந்த ஆளின் தலையில் கட்டிச் சொல்வார்கள். எல்லாவற்றையும் மறந்துபோகும் மருத்துவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தன் குரலையே அடையாளம் தெரியாத பாடகி ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். அப்படி ஒரு பெரிய குடும்பமே அந்த வீட்டு அலமாரியில் இருந்தது. “மத்தவங்க வாயால சண்டை போடுவாங்க, நீங்க ரெண்டு பேரும் பென்சில்லயே குடித்தனம் நடத்துறீங்க” என்று நாத்தனார் வரும்போதெல்லாம் கேலி செய்வாள். அப்போது அது பெருமையாக இருந்தது.

ஒருமுறை அவர் மூன்று வாரம் வேலையாக வெளியூர் போயிருந்தார். போன இரண்டாம் நாள் அவளுக்குச் சந்தேகம் வந்து, நான்காம் நாள் உறுதியானது. ஃபோனில் சொல்ல மனசில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், சொல்லும்போது அந்த முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். வாழ்க்கையில் அவள் அப்படிப் பேராசைப்பட்டது அந்த ஒரு முறைதான். பன்னிரண்டாம் நாள் காலையில் தனியாக ஒரு வாடகைக் காரைப் பிடித்து மருத்துவமனைக்குப் போனாள். “முதல் தடவை நிறைய பேருக்கு இப்படி ஆகும்மா, மனசுல வெச்சுக்காதீங்க” என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து படுக்கை விரிப்பைத் தானே துவைத்துக் காயப்போட்டாள்.

மேசைமேல் அந்த மாதப் புத்தகம் இருந்தது. அவளுடைய முறை. எந்த மனமும் எந்தக் கருவியும் பதிவு செய்யாத ஒன்றை நிகழ்ந்தது என்று சொல்ல முடியுமா என்று ஓர் இடத்தில் கேட்டிருந்தது. வலது ஓரம் வெறுமையாக இருந்தது. ‘நான்’ என்று ஆரம்பித்தாள். கை மேலே போகவில்லை. அழித்துவிட்டு ‘ஒரு பெண்’ என்று எழுதினாள். அதன் பிறகு வார்த்தைகள் வந்தன.

அவர் வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. புத்தகத்தை அவளே எடுத்துப் போய் அவர் கையில் கொடுத்தாள். சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தார். அந்தப் பக்கம் வந்தது. படித்தார். தாடையைத் தடவினார். பென்சிலை எடுத்து ஏதோ எழுதினார். லேசாகப் புன்னகை செய்தார். பக்கத்தைத் திருப்பினார்.

அவர் எழுந்து சமையலறைக்கு வந்தார்.

“டீல சர்க்கரை போட்டுட்டியா?” என்றார்.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் எழுதியதைப் படித்தாள். ‘கணவனுக்குத் தெரியாதவரை அவன் உலகத்தில் அது நடக்கவே இல்லை. வாதம் சரி. உதாரணம்தான் கொஞ்சம் நாடகம்.’

அன்றைக்கே வாயால் கேட்டிருக்கலாம். இத்தனை வருஷத்தில் அதை ஆயிரம் முறை தன்னிடமே சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆனால் எழுதியாயிற்று, அவர் படித்தும் ஆயிற்று. அதற்கு மேல் போய் நின்றால் துக்கத்தை யாசகம் கேட்பது போல ஆகிவிடும் என்று தோன்றியது. இரண்டு வருஷம் கழித்து அவள் பெட்டியைக் கட்டியபோது, “காரணத்தையாவது சொல்லிட்டுப் போ” என்றார். “உங்களுக்குத் தெரியும்” என்றாள். “சத்தியமா எனக்குத் தெரியாது” என்றார் அவர். அவர் தன்னிடம் சொன்ன கடைசிப் பொய் என்று அதை மனதில் எழுதி வைத்துக்கொண்டாள். ஐந்து வருஷமாக அந்தப் பொய்யின் மேல்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தூக்கம் வராதபோது அதை எடுத்துப் பார்ப்பாள். விட்டு வந்தது சரிதான் என்று அது சொல்லும்.

பொய் இல்லை. அவருக்குத் தெரியாது. மறந்துபோகும் மருத்துவரோடும், குரல் தெரியாத பாடகியோடும் அவளையும் சேர்த்து அலமாரியில் வைத்துவிட்டார். அப்படி வைப்பதற்கு அவரைப் பழக்கியதில் அவளுக்கும் பாதிப் பங்கு உண்டு.

அவர் செய்யாத ஒன்றுக்காக அவரை விட்டு வந்திருக்கிறாள். இதை எந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாலும் ஆறுதலாக எதுவும் தென்படவில்லை.

மூன்று மணிக்கு அவர் வந்தார். திருத்தங்களைப் பார்க்க வருவதாக ஏற்கெனவே சொல்லியிருந்ததுதான். காதோர முடி நரைத்திருந்தது. சட்டையின் மேல் பொத்தான் வேறு நிறத்தில் இருந்தது, தானே தைத்துக்கொண்டிருப்பார். வடிவமைப்பாளர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“சார், தயவு செஞ்சு அடுத்த புத்தகத்துல முற்றுப்புள்ளி கொஞ்சம் தாராளமா வைங்க. காசா பணமா?”

“சரிம்மா” என்று அசடு வழிந்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, “எப்படி இருக்கே?” என்றார்.

“இருக்கேன். நாற்பதாம் பக்கத்துல ஒரு வருஷம் தப்பா இருக்கு, பாருங்க.”

ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். தேநீர் வாங்கி வருவதாக வடிவமைப்பாளர் எழுந்து போனாள். நூற்றுப் பதினெட்டு மேலே வந்தபோது அவர் கை தாளின் மேல் நின்றது.

“இதைப் படிச்சியா?”

“படிச்சேன்.”

“கேக்காம போட்டுட்டேன். கோபமா?”

“இல்ல.”

“நீ போனதுக்கப்புறம் அந்தப் பொண்ணைப் பத்தித்தான் நான் அதிகமா நினைச்சிருக்கேன், தெரியுமா. இல்லாத ஒருத்திக்காக இப்படி யோசிக்கறோமேன்னு எனக்கே சிரிப்பா இருக்கும். அந்த வீட்ல தனியா, யார்கிட்டயும் சொல்லாம, என்ன பண்ணிட்டிருந்திருப்பா? புருஷன் வந்து நின்னப்ப அவன் மூஞ்சியை எப்படிப் பாத்திருப்பா? இந்தப் புத்தகமே அவளாலதான் வந்தது.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவனை நெனச்சாதான் எனக்கு ஆத்திரமா வருது. மூணு வாரம் கழிச்சு வீட்டுக்கு வர்றவன் பொண்டாட்டி முகத்தைப் பாத்தாலே தெரிய வேணாமா?”

சொல்லிவிடு. அது நான்தான். இரண்டே சொல். அவள் நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்த நாற்காலியிலேயே அவர் உடைந்துபோவார். வடிவமைப்பாளர் மூன்று கோப்பைத் தேநீரோடு உள்ளே வரும்போது அவள் அவருடைய தோளைத் தடவிக்கொண்டிருப்பாள். ஏழு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் தனக்கு யாரும் செய்யாததை இன்று அவருக்குச் செய்துகொண்டிருப்பாள். பிறகு ‘சத்தியமா தெரியாதுன்னு அன்னைக்கே சொன்னேனே’ என்பார்.

அதைவிடப் பயமாக இன்னொன்றும் இருந்தது. இல்லாத ஒருத்திக்காக இத்தனை வருஷம் வருந்தத் தெரிந்த மனுஷனிடம் அன்று ஒரே ஒரு வாக்கியத்தை வாயால் சொல்லியிருந்தால் போதும். இந்த உண்மையோடு தனியாக இருக்கவே அவளுக்குப் பலம் போதவில்லை. அவரையும் இதற்குள் இழுத்துவிட்டால் அந்தப் பலத்துக்கு எங்கே போவாள்?

“வருஷத்தைத் திருத்திட்டீங்களா?” என்றாள்.

“திருத்திட்டேன்.” அவர் நாற்காலியை அருகே நகர்த்திக்கொண்டார். “உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். அத்தியாயம் அங்க சட்டுன்னு நிக்குது. படிக்கறவங்க கண்டிப்பாக் கேப்பாங்க, அப்புறம் அவளுக்கு என்ன ஆச்சுன்னு. நானும் எழுதிப் பாத்துட்டேன், பொய்யா இருக்கு. அவ உன் ஆளு. உன்னால மட்டும்தான் முடியும். ஒரு பக்கம் எழுதிக் குடேன், உன் பேரைப் போட்டே வெச்சுடலாம். அந்தப் பழைய புத்தகம் உன்கிட்டதானே இருக்கு, அந்த ஓரத்தையும் அப்படியே படம் எடுத்துப் போட்டுடலாம்.”

அவருடைய குரலில் பழைய உற்சாகம் இருந்தது. புதுப் புத்தகத்தின் முதல் பக்கத்தை மடித்து அவளிடம் நீட்டும்போது வருமே, அது. அவள் அதைக் கேட்டு எத்தனை காலமாயிற்று. ஒரு கணம், ஒரு தாளை எடுத்து எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுகூட இருந்தது. அவளுக்கு என்ன ஆனது என்று எழுதுவதற்கு ஒரு பக்கம்கூட வேண்டியதில்லை.

“அவசரம் இல்ல” என்றார். “அடுத்த வாரம்னாக்கூட அச்சுக்குப் போறதுக்குள்ள சேத்துடலாம்.”

“இல்லங்க” என்றாள். பிரிந்த பிறகு அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். “எழுத மாட்டேன். புத்தகத்தையும் தர மாட்டேன்.”

“ஏன்? ஒரு பக்கம்தானே கேக்கறேன்.”

“தெரியும். வேண்டாம். எழுதினதை வெச்சுக்குங்க, அது இருக்கட்டும். அதுக்கு மேல அவளைக் கேக்காதீங்க.”