முக்கால் நொடித் தூக்கம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை நான் கோபத்தில் எழுதுகிறேன். என் நாத்தனார் ஒரு விளையாட்டு நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறாள். செவ்வாய்க்கிழமை மாலை வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே நடந்ததைச் சொன்னாள்.

தொடங்கிப் பார்த்த வாக்கியங்கள்:

குளிரூட்டிய அறையில் எட்டு இயந்திரங்கள் முனகிக்கொண்டு (வேண்டாம். இயந்திரம் முனகினால் வாசகர் கொட்டாவி விடுவார்.)

ஒரு தையற்காரர் சுவருக்குள் புகுந்து மறுபக்கம் போனார். (நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொய். இந்தப் பொய்யால்தான் இவ்வளவும்.)

சரி, நேராகவே சொல்கிறேன்.

2

பல ஊர்களில் உட்கார்ந்து விளையாடுகிறவர்களை ஒரே ஆட்டத்தில் சேர்த்துவைப்பது சர்வர். முன்பு ஒரு ஆட்டத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி என்று எட்டுப் பெட்டிகள் இருந்தன. மேலாளர் அவற்றில் ஆறைத் தூக்கிவிட்டார். கூடவே நாத்தனாருக்குத் துணையாக இருந்த இரண்டு பேரையும். மிச்சமிருந்த இரண்டு பெட்டிகளுக்குள் ஆட்டத்துக்கு ஒன்றாக, பெட்டிக்கு நான்கு பாவனைக் கணினிகள் வந்தன. விஎம் என்பார்கள். ஒண்டுக்குடித்தனம் என்று நான் சொல்வேன். ஒவ்வொரு குடித்தனமும் தனி வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். தண்ணீர்க் குழாய் என்னவோ ஒன்றுதான்.

நெரிசல் கூடினால் நிர்வாக மென்பொருள் தானாகவே ஒரு குடித்தனத்தை அடுத்த பெட்டிக்கு மாற்றிவிடும், ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே. தூங்கும் குழந்தையைத் தொட்டிலோடு பக்கத்து அறைக்குத் தூக்கிப்போவதுபோல. (சாதாரண நாட்களில் இதுவே போதும் என்று நாத்தனாரே சொல்வாள். அவள் நியாயஸ்தி. நான் அப்படி இல்லை.)

"போட்டிக்கு மட்டுமாவது தனிப் பெட்டி குடுங்க சார்" என்று கேட்டிருக்கிறாள்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. விளையாடுறவனுக்கு என்ன தெரியப்போகுது?"

3

போன சனிக்கிழமை இறுதிப்போட்டி. ஆடிய பத்துப் பேரில் ஒருவர் தையற்காரர், நாற்பத்து மூன்று வயது. ஆட்டத்தில் அவர் பெயர் ஊசி. நடு ஆட்டத்தில் அந்த ஆட்டத்தின் சர்வர் அடுத்த பெட்டிக்கு மாறியது. முக்கால் நொடி தூங்கியது. மற்ற ஒன்பது பேரும் பதுங்கியிருந்தார்கள். ஓடிக்கொண்டிருந்தவர் ஊசி மட்டும். சர்வர் கண் விழித்தபோது அந்த முக்கால் நொடி ஓட்டமும் மொத்தமாக வந்து சேர, அவர் சுவரைத் துளைத்துப் போனதாகத் திரையில் தெரிந்தது. காவல் மென்பொருள் மோசடி என்றது. நாற்பதாயிரம் பேர் பார்க்க, ஆயுள் தடை.

"சுவத்துக்குள்ள போவீங்களாமே அண்ணே?" என்று கடைக்கு வருகிறவர்கள் அவரைக் கேட்டுச் சிரிக்கிறார்களாம்.

சர்வர் நொடிக்கு நொடி தானே குறித்துவைக்கும் பதிவை நாத்தனார் திறந்து பார்த்தாள். ஒரு இடைவெளிகூட இல்லை. அது தூங்கியபோது அதன் கடிகாரமும் சேர்ந்தே தூங்கியிருந்தது. தூங்கியவனுக்குத் தான் தூங்கியது எப்படித் தெரியும்? வெளியே இருந்த இரும்புப் பெட்டியின் பதிவில் மட்டும்தான் அந்த முக்கால் நொடி இருந்தது.

"சார், அவர் ஏமாத்தல. நம்ம சர்வர்தான் நின்னுபோச்சு."

"சர்வர் பதிவுல அப்படி எதுவும் இல்லையேம்மா."

"அதுக்கே தெரியாது சார். பெட்டியோட பதிவைப் பாருங்க."

"அதெல்லாம் வேண்டாம். அவர் ஏமாத்தினார்னு அறிக்கை எழுதி, வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடு."

(இந்த மேலாளருக்கு உடம்புக்கு முடியாத ஒரு தாயாரைக் கொடுத்துக் கொஞ்சம் நல்லவராக்கலாமா என்று யோசித்தேன். மாட்டேன். வேண்டுமானால் அவரே எழுதிக்கொள்ளட்டும்.)

5

இன்று நாத்தனாருக்கு இதைப் படித்துக்காட்டினேன். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நல்லாருக்கு அண்ணி. தடங்கலே இல்லாம ஓடுது."

ஓடாமல் என்ன செய்யும்? எண்களைப் பாருங்கள், மூன்றுக்குப் பிறகு ஐந்து. நேற்று படித்துவிட்டு நான்காவதை எடுத்துவிடச் சொன்னவள் அவள்தான். நானும் எடுத்தேன். அது இல்லாதது கதைக்குத் தெரியவே இல்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. அதில் இருந்தது இதுதான். போட்டி நாளில் ஆட்டம் ஓடும் பெட்டியின் கைப்பிடியில் அவள் ஒரு சிவப்புத் துணி கட்டுவாள். யாரும் தொடக்கூடாது என்று அர்த்தம். பத்து வருடப் பழக்கம். அன்றும் கட்டினாள். யாரும் தொடவில்லை. ஆட்டம்தான் நழுவி அடுத்த பெட்டிக்குப் போயிற்று. மென்பொருளுக்குத் துணி தெரியுமா? திரையில் 'நகர்த்தாதே' என்ற கட்டத்தில் குறி போட்டிருக்க வேண்டும். மறந்துவிட்டாள்.

"அதை எழுதினா என் வேலை போயிடும் அண்ணி."

"எழுதலைன்னா அவர் மானம் போகுதே."

அவள் மடித்த சட்டையையே உதறி மறுபடி மடித்தாள். எனக்கு அவள்மேலும் கோபம்தான். மூன்று பேர் வேலையை ஒருத்தி தலையில் கட்டிவிட்டு, தப்பு நடந்தால் அவள் கையெழுத்தைக் கேட்கிறவர்மேல் அதைவிடக் கோபம்.

6

முடிவு ஒன்று: அவள் உண்மையை எழுதுகிறாள், ஊசியின் தடை நீங்கி (நடக்கட்டும், பிறகு எழுதுகிறேன்.)

முடிவு இரண்டு: கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்தைப் (கை வரவில்லை.)

நாளை வெள்ளிக்கிழமை. பெட்டியின் பதிவு ஏழு நாள்தான் இருக்கும். சனிக்கிழமை அது தானாகவே அழிந்துவிடும். அதற்குப் பிறகு தையற்காரர் திருடர்தான், யாராலும் மாற்ற முடியாது.

கதைக்குள் இருக்கும் யாருடைய கடிகாரத்தையும் நான் நம்பவில்லை, என்னுடையதையும் சேர்த்து. வெளியே நிற்கிறவர் நீங்கள் ஒருவர்தான். மூன்றிலிருந்து ஐந்துக்குத் தாவியதைப் பார்த்தீர்கள் இல்லையா? அப்படியானால் அந்த எண்ணை உங்களிடமே தருகிறேன், முடிவையும் சேர்த்து.

4

வெள்ளிக்கிழமை காலை. மேசைமேல் அறிக்கை. பக்கத்தில், கைப்பிடியிலிருந்து அவிழ்த்த சிவப்புத் துணி. அவள் பேனாவைத் திறந்து