கலீபாவின் முற்றத்தில் நின்ற மின்கம்பம்

எசென் ஒரு படத்திலிருந்து அழித்த மின்கம்பம் மறுநாள் காலை பக்கத்து வீட்டுக் கலீபாவின் முற்றத்தில் வந்து நின்றது. சிமெண்டுக் கம்பம், உச்சியில் இரண்டு பீங்கான் குமிழ்கள், கழுத்திலிருந்து தொங்கும் ஓர் அறுந்த கம்பி. எங்கள் மலையூரான கோச்கோரில் அந்த வாரம் உருளைக்கிழங்கு விலை சரிந்திருந்தது, ஊருக்கு அந்தக் கவலை. கலீபா மின்சார அலுவலகத்துக்குப் போனாள். அவர்கள் வந்து தெருமுனைக் கம்பத்தைத் தட்டிப் பார்த்தார்கள். எங்கள் கம்பம் எங்கள் இடத்தில் இருக்கிறது, இது எங்களுடையது இல்லை, இதைத் தொட எங்களுக்கு அதிகாரமும் இல்லை என்றார்கள். அவள் போட்ட தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். முந்தின வாரம்தான் அவள் மகள் மீரிமுக்குக் கல்யாணம் நடந்திருந்தது. வாசலில் எடுத்த படத்தில் தெருமுனைக் கம்பம் கலீபாவின் தலையிலிருந்து முளைத்தது போல நின்றதால் எசென் அதைக் கணினியில் துடைத்துவிட்டான். கூடவே, யாரும் கேட்காமலே, அவள் இரண்டு புருவங்களுக்கும் நடுவே இருந்த முறைப்பையும் துடைத்தான்.

மாஸ்கோவில் எட்டுக் குளிர்காலம் பனி வாரிச் சேர்த்த காசில் கேமரா வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவன் எசென். வீட்டு முன்னறையில் கடை போட்டான். கேமரா நல்ல கேமரா, அதில் குறை சொல்ல முடியாது. அவன்தான் அதைப் பிடித்து அழுத்துவதோடு வேலை முடிந்தது என்றிருந்தான். வெயில் எங்கே அடிக்கிறது, பின்னால் என்ன நிற்கிறது, யார் கண்ணை மூடினார்கள் என்று எதையும் பார்க்க மாட்டான். யாராவது சொன்னால், "அதெல்லாம் அப்புறம் கணினியில அழிச்சுடலாம்" என்பான். அழித்தான், அதுவும் உண்மைதான். அழித்ததெல்லாம் கலீபா வீட்டில் போய் விழுந்தது. ஏன் அவள் வீடு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எசெனின் அப்பன் காலத்திலிருந்தே அந்த வீட்டு அடுப்புச் சாம்பல் சுவருக்கு அந்தப் பக்கம்தான் கொட்டப்பட்டது. மிதித்தாலே பாவம் என்று எங்கள் பக்கம் சொல்லும் சாம்பலைப் பக்கத்து வீட்டு முற்றத்தில் கொட்டிய குடும்பம் அது. மற்ற குப்பை மட்டும் வேறு வழி தேடிப் போகுமா?

வருடங்கள் போயின. அறுபதாம் பிறந்தநாள் பேனர்களிலிருந்து துடைத்த மருக்களும் மச்சங்களும் விடிகாலையில் கலீபாவின் தகரக் கூரைமேல் கம்பு விதைத்தது போலச் சடசடவென்று விழுந்தன. கோழிகள் அவற்றைக் கொத்தித் தின்று மச்சமுள்ள முட்டையிட்டன, சந்தையில் அவற்றை வாங்க ஆளில்லை. முகச் சுருக்கங்கள் வாய்க்காலில் படிந்து தண்ணீர் காற்றில்லாமலே நெளிந்தது. நாய்கள், குப்பைத் தொட்டிகள், யாரோ காயப்போட்ட உள்ளாடைகள், டயர் இல்லாத பழைய ஜிகுலி கார் ஒன்று, இரண்டு கழிப்பறைகள், இன்னும் ஏழெட்டுக் கம்பங்கள், எல்லாம் வந்தன. எந்தக் கல்யாணப் படத்திலும் பின்னால் வந்து தள்ளாடும் குடிகாரன் தொக்தோசுனும் ஒரு நாள் வந்து ஜிகுலியில் படுத்துக்கொண்டான். அசல் தொக்தோசுன் அந்நேரம் தன் வீட்டில் இருந்தான். அவன் பெண்டாட்டியைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஒண்ணையே வச்சுச் சமாளிக்க முடியல, இது வேறயா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

கலீபா சும்மா இருந்தவள் இல்லை. ஊரிலேயே வாய் நீளம் அவளுக்குத்தான். காலையில் எழுந்ததும் சுவரோரம் நின்று எசெனின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டிவிட்டுத்தான் பால் கறக்கப் போவாள். அவன் சன்னலைச் சாத்திக்கொள்வான். இப்படியே போயிருக்கும். ஆனால் ஒரு வசந்த காலத்தில் நாரின் நகர மருத்துவமனையில் அவள் இதயத்தைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, அடுத்த குளிர்காலம் தாண்டுவது கஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள். சாவுக்கு அவள் பயப்படவில்லை. வீட்டுக்கு வந்து முற்றத்தைப் பார்த்தாள், அப்போதுதான் பயந்தாள். செத்தவரை முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டு அதற்குள்தான் கிடத்த வேண்டும். மகள் அதற்குள் உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வேண்டும். ஊர் வந்து கூடாரத்து வாசலில் அழ வேண்டும். கூடாரம் இல்லாமல் போன பிணத்தை நாய்ப்பிணம் என்பார்கள் எங்கள் பக்கம். கலீபாவின் முற்றத்திலோ ஒரு ஆட்டைக் கட்டவும் இடமில்லை.

அவள் அடுப்புச் சாம்பல் அள்ளும் இரும்புக் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு எசெனின் கடைக்குள் போனாள். அவன் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் இரட்டைத் தாடையைக் கரைத்துக்கொண்டிருந்தான்.

"எனக்குக் கூடாரம் போட இடம் வேணும். உன் சனியனையெல்லாம் எடு."

"நான் வந்து வச்சேனா அக்கா? நான் என் கடைய விட்டு எந்திரிக்கவே இல்ல."

"அதாண்டா உன் கேடே. எந்திரிச்சு நாலடி நகர்ந்து நின்னு எடுத்திருந்தா அந்தக் கம்பம் என் தலையில முளைச்சிருக்குமா?"

"ஜனங்க அழகாக் கேக்குறாங்க, நான் குடுக்குறேன். உங்களுக்கு இடம் வேணும்னா தெருவுல போட்டுக்கங்க."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. கரண்டி முதல் அடியில் திரையையும் அடுத்த அடியில் பெட்டியையும் பிளந்தது. அன்று சாயங்காலம் அவள் முற்றத்தில் வாத்தியாரின் தாடை பாதிதான் வந்து விழுந்தது.

பெரியவர்கள் மசூதி வாசலில் கூடினார்கள். இரண்டு பேரையும் கேட்டார்கள், இரண்டு பேரும் பெரியவர்களையும் சேர்த்தே திட்டினார்கள். கடைசியில், கணினியை உடைத்ததற்குக் கலீபா ஒரு ஆடு தர வேண்டும், முற்றம் காலியாகும்வரை எசென் இன்னொரு கணினியைத் தொடக்கூடாது என்று தீர்ப்பானது. கலீபா ஊரிலேயே மெலிந்த ஆட்டைத் தேடி வாங்கி அவன் வாசலில் கட்டினாள். எசெனுக்குக் கணினி போனது போகட்டும், மானம் போனதுதான் பொறுக்கவில்லை. கணினி இல்லாமல் அவன் எடுத்த படங்களை ஊர் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தது. மாப்பிள்ளைக்குத் தலை இல்லை. மணப்பெண் முகத்தில் பாதி இருட்டு, பாதி வெளுப்பு. குழந்தையை எடுக்கச் சொன்னால் தொட்டிலை எடுத்திருந்தான். கேட்டால் வெளிச்சம் சரியில்லை, குழந்தை சரியில்லை, மலை குறுக்கே நிற்கிறது என்றான். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். ஒரே மாதத்தில் கடைக்கு வருவார் இல்லை.

வேலையில்லாமல் இருந்தவனிடம் மின்சார அலுவலகம் முற்றத்துக் கம்பங்களின் படம் வேண்டும் என்று கேட்டது, கலீபா கொடுத்த புகாரோடு இணைக்க. அவன் சுவரேறிக் குதித்து எடுத்தான். கோணலாக எடுத்தான், இருட்டாக எடுத்தான், தன் விரலையும் சேர்த்து எடுத்தான். அலுவலகம் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தது. ஒரு காலை, வெயில் மலைக்கு மேலே ஏறி வரும் நேரத்தில், கலீபா திட்டுவதிலிருந்து தப்பிக்க அவன் கொட்டகை ஓரமாகப் பதுங்கி அங்கிருந்தே ஒரு கம்பத்தை எடுத்தான். பக்கவாட்டு வெயிலில் அதன் சொரசொரப்பு முழுக்கத் தெரிந்தது, உச்சியில் ஒரு காகம் வேறு. படம் சரியாக விழுந்ததும் கம்பம் முற்றத்தில் இல்லை. படத்துக்குள் போய்விட்டது. காகம் மட்டும் நின்ற இடத்திலேயே ஒரு நொடி அந்தரத்தில் நின்றுவிட்டுப் பறந்து போனது.

வழி தெரிந்துபோயிற்று. நன்றாக எடுத்தால் போகும், மோசமாக எடுத்தால் போகாது. பிறகு அழிக்கலாம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. கோடை முழுக்க எசென் அந்த முற்றத்தில் கிடந்தான். மண்ணில் குப்புறப் படுத்து, கூரையில் ஏறி, மேகத்துக்காகக் காத்து, ஒரு கழிப்பறையை அது வெட்கப்படாத கோணம் கிடைக்கும்வரை சுற்றிச் சுற்றி வந்தான். கலீபா படியில் உட்கார்ந்து தேநீர் குடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் ஒவ்வொரு முறை அழுத்திவிட்டு நிமிரும்போதும் முற்றத்தைப் பார்ப்பாள். பொருள் அங்கேயே இருக்கும்.

"தொட்டி அங்கயேதான் இருக்கு. கண்ணு பின்னாடியா இருக்கு உனக்கு?"

"வாய மூடுங்க அக்கா, கை ஆடுது."

"ஆடுறது கையில்ல, புத்தி."

ஆனாலும் தொட்டி போயிற்று. நாய்கள் ஒவ்வொன்றாகப் போயின. அவை அசையாமல் நிற்கும்வரை பொறுமையாக இருக்க அவன் கற்றுக்கொண்டான். சுருக்கங்களை வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து சாயங்கால வெயிலில் எடுத்தான், தண்ணீர் நேராயிற்று. மருக்களுக்காகக் கோழிகளுக்கு முன்னே தவம் கிடந்தான். இரண்டாம் தொக்தோசுனை ஜிகுலியோடு சேர்த்து ஒரே படத்தில், அவன் அழுதுகொண்டிருந்தபோது எடுத்தான். அந்தப் படத்தை அசல் தொக்தோசுனின் பெண்டாட்டி கேட்டு வாங்கிக்கொண்டுபோய்ச் சமையலறையில் மாட்டினாள். ஊர்க்காரர்கள் மறுபடி கடைக்கு வரத் தொடங்கினார்கள். எசென் இப்போது அவர்களை வெயிலுக்காகக் காக்கவைத்தான், திட்டு வாங்கினான், மருவோடும் சுருக்கத்தோடும் எடுத்துக்கொடுத்தான். இதெல்லாம் நடந்ததால் இரண்டு வீட்டுக்கும் சமாதானம் வந்தது என்று நினைக்க வேண்டாம். அவன் அம்மா அந்தக் கோடையிலும் சாம்பலைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் கொட்டினாள்.

இலையுதிரும் காலம் வந்தபோது முற்றத்தில் மிஞ்சியது முதல் கம்பம் ஒன்றுதான், நட்ட நடுவில், கூடாரம் போட வேண்டிய அதே இடத்தில். எசென் அதை எல்லா வெளிச்சத்திலும் எல்லாப் பக்கத்திலிருந்தும் எடுத்தான். நல்ல படங்கள்தான், நான் பார்த்திருக்கிறேன். கம்பம் அசையவில்லை. கலீபாவுக்கு இதற்குள் படியேற மூச்சு வாங்கியது. மீரிம்தான் ஒரு நாள் கல்யாணப் படத்தை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். இந்தக் கம்பத்தோடு சேர்த்து அம்மாவின் முறைப்பையும் அல்லவா அழித்தான், கம்பம் தனியாக எப்படிப் போகும் என்றாள். அம்மா போய்க் கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

கலீபா மாட்டேன் என்றுவிட்டாள். அந்தச் சாம்பல் வீட்டான் கேமரா முன்னால் நிற்பதைவிடக் கூடாரமில்லாமல் போகிறேன் என்றாள். அப்படியே இரண்டு வாரம் படுத்தும் கிடந்தாள். மூன்றாவது வாரம் முதல் பனி விழுந்தது. சன்னல் வழியாகப் பார்த்தாள், வெள்ளை முற்றத்தில் கறுப்பாக அது ஒன்று மட்டும் நின்றது. மகள் அழுவதும் பக்கத்து அறையில் கேட்டது. எழுந்து கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"சிரிக்க மாட்டேன்."

"சிரிக்கச் சொல்லல."

"சீக்கிரம் எடுத்துத் தொலை."

"வெயில் வரட்டும்."

இரண்டு பேரும் பனியில் நின்றார்கள். அவன் நாலடி இடப்பக்கம் நகர்ந்தான். கல்யாணத்தன்று நகராத நாலடி. கம்பம் அவள் தலையை விட்டு விலகித் தனியாக நின்றது. கலீபா அவன் நகர்ந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேகம் விலகி வெயில் அவள் முகத்தில் விழுந்தது. இத்தனை வருடச் சாம்பலும் மச்ச முட்டையும் நினைவுக்கு வந்து அவள் அவனை ஒரு முறை முறைத்தாள். அவன் அழுத்தினான். முற்றத்தில் ஒரு குழி மட்டும் இருந்தது, அதற்குள் பனி சரியத் தொடங்கியிருந்தது. அவள் நன்றி சொல்லவில்லை. "குழிய மூடிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

புது வருடம் பிறப்பதற்குள் அவள் போய்விட்டாள். முற்றத்தில் கூடாரம் தாராளமாக நின்றது, மீரிம் உள்ளே உட்கார்ந்து குரல் உடையும்வரை ஒப்பாரி வைத்தாள். எசெனும் மற்ற ஆண்களோடு வாசலில் வந்து நின்று சத்தமாக அழுதான். அது முறைக்காக அழுததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அடுத்த வருடம் கல்லறைக்குக் கல் நட்டபோது, முகம் செதுக்க அந்தப் படத்தைத்தான் மீரிம் கொடுத்தாள். கல்காரன் கம்பத்தை எடுத்துவிடட்டுமா, முகத்தையும் கொஞ்சம் சாந்தமாக்கலாமே என்று எசெனைக் கேட்டான்.

"கை வச்ச, உன் வீட்டு முற்றத்துல வந்து நிக்கும்" என்றான் எசென்.

அதனால் எங்கள் இடுகாட்டில் மின்கம்பம் செதுக்கிய கல் ஒன்று இருக்கிறது, நாரின் சாலையில் போகிறவர்கள் யாரும் அதைப் பார்க்கலாம். எசெனின் வண்டி அந்த வழியாகப் போகும்போது கல்லில் இருக்கும் கண்கள் அவன் போகும் பக்கமாகவே திரும்பி, வளைவு தாண்டும்வரை முறைத்துவிட்டு, பிறகு பழையபடி சாலையைப் பார்க்கும். முதலில் அவன் துணியால் முகத்தை மூடிக்கொண்டு போய்ப் பார்த்தான், பிறகு விட்டுவிட்டான். வெளியூர்க்காரர்கள் வண்டியை நிறுத்தி இறங்கி, இது என்ன அதிசயம் என்று மீரிமைக் கேட்பார்கள்.

"அம்மாவுக்கு அவனைப் பிடிக்காது" என்பாள் அவள்.