கோபமில்லாத மூன்று அடி

கோபமே வரவில்லையே அந்த மனுஷனுக்கு.

மர்சலிக்கு முதலில் தோன்றியது அதுதான். கூட்டத்துக்குப் பின்னால் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். முன்னால் அவள் புருஷன் டொர்மத் தலை குனிந்து நின்றான். காரியஸ்தர் லாக்லன் பிரம்பை எடுத்து அவன் உச்சந்தலையில் மூன்று தட்டுத் தட்டினார். சிரித்துக்கொண்டே தட்டினார், வெந்த முட்டையின் ஓட்டைத் தட்டிப் பார்க்கிறவர் மாதிரி.

"ஆச்சா? மூணும் விழுந்தாச்சு. போ, போய்ச் சாப்பிடு" என்றார்.

திண்டில் சாய்ந்திருந்த அவருடைய அண்ணன் மகன் ரூரி, "என்ன சித்தப்பா, வருஷா வருஷம் பெரிய கூத்தா இருக்கும்னீங்க? இதுக்குத்தானா இவ்வளவு தூரம் கடல்ல வாந்தியெடுத்துட்டு வந்தேன்?" என்றான். அவருடைய ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

ஸ்கார்வே தீவில் பிரபுவை யாரும் கண்ணால் கண்டதில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் கோட்டையில் இருக்கிறார் என்று கேள்வி. கோடை தோறும் அவர் பேரைச் சொல்லிக்கொண்டு காரியஸ்தர் வந்து இறங்குவார். குத்தகை வாங்குவது, வழக்குத் தீர்ப்பது, கல்யாணத்துக்குத் தலையாட்டுவது எல்லாம் அவர்தான். அவரிடம் தீவுக்காக வாதாட ஓர் ஆள் உண்டு. அவனுக்கு 'ஊர்வாய்' என்று பெயர். கேட்டது கிடைக்கும்வரை ஊர்வாய் விடாமல் பேச வேண்டும். அல்லது காரியஸ்தருக்கு ஆத்திரம் தலைக்கேறி, பிரம்பால் மூன்று அடி போடும்வரை பேச வேண்டும். மூன்று விழுந்துவிட்டால் அவன் கடமை தீர்ந்தது. அதற்குமேல் ஊர் அவனைக் குறை சொல்லாது. டொர்மத்துக்கு முன் ஊர்வாயாக இருந்த அவன் அப்பா ஒரு வருஷம் காலையில் ஆரம்பித்துப் பொழுது சாயும்வரை பேசி, மூன்றாவது அடியில் பிரம்பே ஒடிந்தது. ஒடிந்த துண்டு இன்னும் அவர்கள் வீட்டுக் கூரை இடுக்கில் செருகியிருக்கிறது.

டொர்மத் இன்று அதிகம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு மாட்டின் பாலைக் கேட்டான்.

காரியஸ்தர் தீவில் இருக்கும் வரைக்கும் மாட்டுப்பால் முழுக்க அவர் வீட்டுக்குப் போகவேண்டும். ஆட்டுப்பால் பால்கட்டியாகிக் குத்தகையில் போய்விடும். அவரோடு நாற்பது ஐம்பது பேர் வருவார்கள். தம் ஊரில் மெலிந்தவன், இருமுகிறவன், குளிர்காலத்தில் படுத்து எழுந்தவன் என்று பார்த்துக் கூட்டிவருவார். ஸ்கார்வேயின் பால் குடித்து, கடற்பறவை முட்டை தின்று, இலையுதிர்காலத்தில் கன்னம் உப்பித் திரும்புவார்கள். இது பிரபுவின் தர்மம் என்று பெயர்.

மர்சலியின் தங்கை இந்தப் பிள்ளையைப் பெற்றுப்போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். தீவில் இப்போது பால் சுரக்கிற மார்பு வேறு இல்லை. செவலைப் பசு அந்தத் தங்கை வளர்த்தது. காரியஸ்தர் வரும்வரை அதன் பாலில்தான் பிள்ளை உயிர் பிடித்தது. அவர் வந்த அன்றே அவர் வீட்டு வேலைக்காரி மரக்குடத்தோடு தொழுவத்தில் வந்து நின்றாள். அன்றிலிருந்து பார்லிக் கஞ்சித் தண்ணீரில் நனைத்த துணியைத்தான் பிள்ளை சூப்புகிறது.

வீட்டுக்கு வந்ததும் மர்சலி டொர்மத்தின் தலையைத் தடவிப் பார்த்தாள். முன்னெல்லாம் கைக்கு வீக்கம் தட்டும். பறவை நெய் எடுத்துத் தேய்த்துவிடுவாள். தேய்க்கும்போது ஒரு பெருமை வரும். இன்றைக்கு விரலில் ஒன்றும் தட்டுப்படவில்லை.

"வலிக்குதா?"

"வலிக்கல."

"அதான் கேட்டேன்."

அவன் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். "நான் செய்யவேண்டியத செஞ்சிட்டேன் மர்சலி. மூணு விழுந்தப்புறம் வாயத் தொறக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"நீங்க வாயத் தொறக்கறதுக்குள்ளயே விழுந்திருச்சே. செவலைன்னீங்க, புள்ளன்னீங்க. அவ்வளவுதான்."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? ஐயா, நல்லாக் கோவப்பட்டுட்டு அப்புறம் அடிங்கன்னு சொல்லட்டுமா?"

பிரம்பு மூன்றாவது தடவை படும்போது அவன் முகத்தில் ஓடியதை அவள் பார்த்திருந்தாள். அது அவமானம் இல்லை. அவமானமாக இருந்தால் தாங்கியிருப்பாள். சுமையை இறக்கி வைத்தவனின் முகம் அது. அதை நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் பற்றி எரிந்தது. யார்மேல் எரிகிறது என்று பார்க்கப்போனால் அது லாக்லனோடு நிற்கவில்லை, புருஷனோடும் நிற்கவில்லை. நெய் தேய்த்துப் பெருமைப்பட்ட தன் கைமேலேயே வந்து நின்றது. ஒரு தீவின் வாயை அடைக்க மூன்று அடி. எவ்வளவு மலிவாகப் பேசி முடித்திருக்கிறார்கள்! அதையும் நாம் மரியாதை என்று கூரையில் செருகி வைத்திருக்கிறோம்.

பக்கத்து வீட்டு கோர்மல் குனிந்து உள்ளே வந்தாள். வயதானவள், நாக்கு மட்டும் இளசு.

"என்ன தம்பி, மண்டை பத்திரமா? பால் காய்ச்சறதுக்கு முன்னாடி பானையத் தட்டிப் பாப்பாங்க, அது மாதிரில்ல தட்டினாரு!"

"யக்கா, சும்மா இரு" என்றான் டொர்மத்.

"நான் சும்மாத்தான் இருக்கேன். எல்லாரும் சும்மாத்தான் இருக்கோம்." பிள்ளையின் வாயில் விரல் வைத்துப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "சூப்பக்கூட தெம்பில்லையேடி."

"நேத்து ஒரு கை பால் பீச்சி ஒளிச்சேன். அந்த வேலைக்காரி என் விரல விரிச்சுப் பாத்தா."

"பாக்கட்டும், பாக்கட்டும். ஞாயித்துக்கிழமை காரியஸ்தர் பொண்டாட்டி உனக்கு முக்காடு கட்டிவிடுவா. புள்ளையையும் கிள்ளிட்டு, தொட்டிலையும் ஆட்டிட்டுப் போவா. திங்கக்கிழமை பால்கட்டியும் இறகுமூட்டையும் படகேறும். இவங்க மட்டும் குளிர் வர்றவரைக்கும் உக்காந்து குடிப்பாங்க."

கோர்மல் போன பிறகும் அந்தப் பேச்சு மர்சலியின் மனதில் கிடந்தது. முக்காடு. வருஷத்துப் பேச்சு முடிந்ததற்கு அடையாளமாகக் காரியஸ்தர் தன் தொப்பியை ஊர்வாய்க்குக் கொடுப்பார். காரியஸ்தர் மனைவி, தான் ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனைக்குக் கட்டிய முக்காட்டுத் துணியை அவிழ்த்து ஊர்வாயின் மனைவிக்குக் கட்டிவிடுவாள். கூடவே சாயத்துக்கு ஒரு பொட்டலம் நீலம். தொப்பியும் முக்காடும் கைமாறிய பிறகுதான் பிரபுவின் படகில் முதல் மூட்டை ஏறும். அதற்குமுன் தீவுக்காரன் எவனும் மூட்டையைத் தொடமாட்டான். அவன் அப்பனும் தொட்டதில்லை.

அவளுடைய பெட்டியில் அப்படி வாங்கிய துணிகள் மடித்துக் கிடந்தன. திறந்து பார்த்தாள். மெல்லிய லினன். முதல் வருஷம் அதை முகத்தில் வைத்து மோந்து பார்த்துக்கொண்டே தூங்கியது ஞாபகம் வந்தது. இதில் ஒன்றைக் கிழித்துத்தான் இப்போது பிள்ளைக்குக் கஞ்சி நனைத்துக் கொடுக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காற்று பலமாக இருந்தது. காரியஸ்தரோடு வந்த பாதிரியார் புல்வெளியில் நின்று, கொடுக்கிறவன் கை ஓங்கும் என்று நீளமாகப் பிரசங்கம் செய்தார். ரூரியின் கன்னத்தில் சிவப்பு ஏறியிருப்பதை மர்சலி பார்த்தாள். பாவம், அவனும் நோயாளிதான். ஆனால் அந்தச் சிவப்பு எங்கிருந்து எடுத்தது என்று அவளுக்குத் தெரியும். அவள் தோளில் கிடந்த முகத்தில் அது இல்லை.

பிரசங்கம் முடிந்தது. லாக்லன் தன் தொப்பியை டொர்மத்தின் தலையில் வைத்து, ஒரு தட்டும் தட்டினார். "இது கணக்குல சேராது!" என்றார். மறுபடி சிரிப்பு.

அவர் மனைவி அனபெல்லா எழுந்து வந்தாள். கெட்டவள் இல்லை. முகத்தில் உண்மையான பிரியம்கூட இருந்தது. முக்காட்டை அவிழ்த்ததும் நரைத்த கூந்தல் காற்றில் பறந்தது. அவள் குள்ளம், மர்சலி உயரம். வருஷந்தோறும் மர்சலி குனிவாள். குனிந்தால்தான் கட்ட எட்டும்.

"வாடி மர்சலி. இந்தத் தடவை ஓரத்துல பூ வேலை போட்டிருக்கேன், பாரு."

மர்சலி நிமிர்ந்தே நின்றாள்.

"குனிம்மா. காத்து அடிக்குது."

"எனக்கு வேண்டாம்மா."

அனபெல்லா புரியாமல் சிரித்தாள். "கையில புள்ள இருக்கேன்னு பாக்கறியா? வேற யார்கிட்டயாச்சும் குடு."

"இல்லம்மா. புள்ள என்கிட்டயே இருக்கட்டும்."

லாக்லன் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தார். "டொர்மத், என்னய்யா இது? உன் பொண்டாட்டிக்கு முறை தெரியாதா? நாளைக்குக் காத்து மாறிடும், படகு கிளம்பணும்."

டொர்மத் வாய் திறந்தான். மூன்று அடி வாங்கிய வாய். திறந்தபடியே நின்றது. அவன் கை தலைக்குப் போய்த் தொப்பியின் விளிம்பைப் பிடித்தது. எடுக்கவா அழுத்தவா என்று தெரியாதது போல அங்கேயே இருந்தது.

"மர்சலி, பேச்சு முடிஞ்சுபோச்சு" என்றார் லாக்லன். முதல் தடவையாக அவர் குரலில் கொஞ்சம் சூடு ஏறியது. "மூணு அடி விழுந்தாச்சு."

"விழுந்துச்சுங்க ஐயா. அவர் பேசறதுக்கு முன்னாடியே விழுந்துச்சு."

"அடிச்சது அடிச்சதுதான்!"

அவர் பிரம்பை எடுத்து முட்டியின் குறுக்கே வைத்துக்கொண்டார். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. கோர்மல் மட்டும் தொண்டையைச் செருமினாள். மறுநாள் மூட்டை சுமக்கவேண்டிய தீவு ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தார்கள்.

அனபெல்லா துணியை இரு கையிலும் விரித்துப் பிடித்தபடி, வெறுந்தலையோடு காற்றில் நின்றாள். "ஒரு நிமிஷம் குனிஞ்சா போதும்டி" என்றாள் மெதுவாக, கெஞ்சுவது போல. "எனக்காக."

மர்சலி அவளைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் ஈரம் இருந்தது. அந்த ஈரத்துக்காகக் குனிந்துவிடலாம் என்று ஒரு கணம் கழுத்தே தளர்ந்தது. தோளில் பிள்ளை, சத்தமில்லாமல், அவள் சட்டைக் கரையைத் தேடிச் சூப்பியது.

"உங்க தலையிலயே கட்டிக்கோங்கம்மா" என்றாள். "குளிருது உங்களுக்கு."